மண்டப அட்வான்ஸும் 56-ஆம் பிரிவும்

நடக்காமல் போன கல்யாணத்துக்குக் கட்டிய அட்வான்ஸைத் திரும்பக் கேட்க, மண்டபத்துக்காரர் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் என்னிடம் வந்த கட்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. “கவர்மென்ட்டே மூடச் சொன்னா அவர் என்ன சார் பண்ணுவார்?” என்று பெண்ணின் அப்பாவே எதிர்த்தரப்புக்கு வாதாடுவார்.

அவர் சொல்வது பாதி சரி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பேசி முடித்த காரியம் பிறகு செய்யவே முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. மண்டபம் தரவில்லை என்று நஷ்டஈடு கேட்க முடியாது. மீதிப் பாதி 65-ஆம் பிரிவில் இருக்கிறது: செல்லாமல் போன ஒப்பந்தத்தில் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும். சட்டமே உதாரணமும் தருகிறது. பாடுவதற்கு 1000 ரூபாய் முன்பணம் வாங்கியவர் நோயால் பாட முடியவில்லை. ஏற்பாடு செய்தவரின் லாப இழப்புக்கு அவர் பொறுப்பில்லை. 1000 ரூபாயைத் தந்துவிட வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கு வெகுகாலம் அல்லாடினார்கள். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அவர் நோயால் தள்ளிப்போனது. ஊர்வலம் பார்க்க அறை பிடித்த ஒருவர் மீதி 50 பவுண்ட் தர வேண்டாம் என்றது நீதிமன்றம். இன்னொருவர் கட்டிய 100 பவுண்ட் திரும்பவில்லை; கெடு முன்பே வந்துவிட்டதென்று மீதியையும் கட்டச் சொன்னார்கள். அந்த அநியாயம் தீர 1943 ஆயிற்று.

ரசீதின் அடியில் ‘எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அது நாமாக ரத்து செய்தால் பொருந்தும், யாரும் ரத்து செய்யாமலே ஒப்பந்தம் செத்துப்போனால் பொருந்தாது என்பது என் வாதம். எல்லா நீதிபதியும் ஏற்பார் என்று உத்தரவாதம் தரமாட்டேன். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டு 56-ஐப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

“வேற முகூர்த்தத்துக்கு மாத்திக்குங்க” என்பார்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் “சரிங்கண்ணே” என்று அனுப்பிவிட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடலாம். பதில் போடுமுன் வீட்டில் பேசி முடியுங்கள்.

சமையல்காரர் கதை வேறு. அட்வான்ஸில் பாதிக்கு மளிகை வாங்கிவிட்டேன் என்பார். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இங்கிலாந்தின் 1943 சட்டம் இப்படிச் செலவான தொகையைக் கழித்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நம் 65-ஆம் பிரிவில் அப்படித் தனி வாசகம் இல்லை. இருந்தாலும் நான் நோட்டீஸ் விடச் சொல்வதில்லை. கடை பில்லைப் பார்த்து, கெட்டுப்போகாத சரக்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பேசி வாங்குங்கள் என்பேன். அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் அவர்தானே வரப்போகிறார்?

கட்டுப்படியாகவில்லை என்பது வேறு, முடியவில்லை என்பது வேறு. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து தந்த அலோபி பர்ஷாத் நிறுவனம், உலகப் போரால் செலவு கூடிவிட்டதென்று பேசியதற்கு மேல் கேட்டது. 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடை வாடகையிலும் 56 கைகொடுக்காது. குத்தகைக்கு எடுத்து அனுபவத்தில் இருக்கும் இடத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரடங்கில் பூட்டிக் கிடந்த கடைக்கு வாடகைத் தள்ளுபடி கேட்டவர்களை இடத்தின் உரிமையாளரிடமே பேசச் சொன்னேன்.

இப்போது மண்டபம் பிடிக்கிறவர்களை ரசீதிலேயே ஒரு வரி எழுதி வாங்கச் சொல்கிறேன்: ‘அரசு உத்தரவாலோ வெள்ளத்தாலோ மண்டபம் தர இயலாவிட்டால் அட்வான்ஸ் முழுதும் 30 நாளில் திருப்பித் தரப்படும்.’ இப்படி முன்கூட்டியே எழுதிவிட்டால் 56 வரை போக வேண்டாம். 32-ஆம் பிரிவின்கீழ் அந்த வரியே பேசும். மண்டபத்து மேனேஜர்கள் பெரும்பாலும் ‘முழுதும்’ என்பதை அடித்துவிட்டு ‘செலவு போக’ என்று எழுதுகிறார்கள். என்ன செலவு, எவ்வளவு என்று அங்கேயே தொகை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.