கணினிக்கும் ஒரு கதவு எண்

நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்றோடொன்று இணைத்த கணினிகளும் பிரிண்டரும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேணும். இதுதான் ஐ.பி. முகவரி. 192.168.1.5 என்பது போல இருக்கும். இரண்டுக்கு ஒரே எண் வந்தால் தொடர்பு கெடும். அதனால் ரவுட்டர் பெட்டியே எண்களைப் பிரித்துக் கொடுக்கிறது. 1993-ல் வகுத்த இந்த முறையின் பெயர் டி.எச்.சி.பி. வாடகை வீடு மாதிரி எண்ணுக்கும் கெடு உண்டு. கெடு முடியுமுன் கணினி தானே புதுப்பித்துக்கொள்ளும்.

கடன் வழங்கும் நாளில் இணையம் வரலையா? கணினியின் நெட்வொர்க் விவரத்தில் எண்ணைப் பாருங்க. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் வரவில்லை என்று அர்த்தம். முதலில் வயரைச் சரிபாருங்க. பிறகு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுவது அதற்கப்புறம்தான்.

பிரிண்டரின் எண் மாறினால் ரசீது அச்சாகாமல் போகலாம். அதற்கு மட்டும் மாறாத எண் ஒதுக்கச் சொல்லுங்க.