மூன்று சக்கரமும் மலை வளைவும்

சிங்காரப்பேட்டையிலிருந்து திருப்பத்தூர் வழியாக ஏலகிரிக்கு, கூடாரமும் பாத்திரமும் ஏற்றிய ஆட்டோவில் போவதாக வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்! மோட்டார் சைக்கிள் உட்புறம் சாய்ந்து சமாளிக்கும். ஆட்டோவால் சாய இயலாது. முன் சக்கரத்தையும் வெளிப்புறப் பின் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டைத் தாண்டித்தான் அது கவிழும்.

ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், அக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 45 செ.மீ. தள்ளியும் இருக்கட்டும். வளைவின் ஆரம் 10 மீட்டர், சமதளம்.

வேகத்தின் வர்க்கம் = ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம் × (45/60) = 10 × 10 × 0.75 = 75

வேகம் வினாடிக்கு 8.7 மீட்டர், அதாவது மணிக்கு 31 கி.மீ. மூட்டைகளைக் கூரைமேல் கட்டி, மையம் 90 செ.மீ.க்கு உயர்ந்தால் 25 கி.மீ.யிலேயே உள்சக்கரம் தூக்கிவிடும். ஓட்டுநருக்கோ வண்டி மாறியதாகவே தோன்றாது!

சுமையைப் பின் அச்சருகே தாழ்வாக வையுங்கள். முக்கோணம் அங்கேதான் அகலம். அங்கேயும் அளவுக்கு மீறினால், ஏற்றத்தில் முன் சக்கரம் பிடிப்பிழந்து திருப்பத்துக்குக் கட்டுப்படாது.