கசக்கும் மருந்தும் பிஞ்சு நாவும்

சென்ற மழைக்காலத்தில் எனது நான்கு வயதுத் தம்பிக்குக் காதில் சீழ் வடிந்தது. வைத்தியர் ஏழு நாட்களுக்கு நுண்ணுயிர்கொல்லிப் பாணி மருந்து எழுதிக் கொடுத்தார். முதல் கரண்டியையே தம்பி துப்பிவிட்டான். உம்மா கையைப் பிடிக்க, வாப்பா மூக்கைப் பொத்த, வீடே போர்க்களமானது. மூன்றாம் நாள் அந்தப் பொறுப்பை நான் ஏற்றேன். ஒரு கிளாஸ் பாலில் மருந்தைக் கலந்து கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு ஓடினான். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். "குடிச்சிட்டான் உம்மா" என்று நானும் சொல்லிவந்தேன்.

மருந்து முடிந்தும் காய்ச்சல் திரும்பி வந்தது. இரண்டாம் முறை மருந்து வாங்கச் சென்றபோது மருந்தாளர், "எதில கலந்து குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். பால் பாதி மிஞ்சினால் மருந்தும் பாதி மிஞ்சும். உயிரியல் படிக்கும் எனக்கு அது விளங்காமல் போனதே! அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஏன் கசக்கிறது?

எமது நாவின் சுவையரும்புகளில் கசப்பை உணரும் வாங்கிகள் ஏறத்தாழ 25 வகைகள் உள்ளன. தாவர நஞ்சுகள் பலவும் கசப்பானவை என்பதால், கசப்பை வெறுப்பது இயற்கை தந்த காவல். சிறுவரிடம் இக்காவல் பெரியவர்களைவிடக் கூர்மையானது. நாம் மாத்திரையை ஒரே மிடறில் விழுங்கிவிடுகிறோம். பிள்ளைக்கோ திரவம் நாவெங்கும் பரவுகிறது. எனவே துப்பும் பிள்ளை அடங்காப் பிள்ளையல்ல. அதன் நா தன் வேலையைச் செய்கிறது.

இரசாயனவியல் காட்டிய வழி

ஒரு பொருள் உமிழ்நீரில் கரைந்தால்தான் அதன் சுவை தெரியும். இதை மருந்தியலாளர்கள் பயன்படுத்திக் கொண்டனர். மிகவும் கசப்பான குளோரம்பெனிகோலைப் பாமிற்றிக் அமிலத்துடன் இணைத்து எசுத்தராக்கினர். அது நீரில் கரையாததால் வாயில் கசப்பதில்லை. சிறுகுடலில் நொதியத்தால் நீர்ப்பகுப்படைந்து மருந்தை விடுவிக்கிறது. வயிற்றோட்டத்துக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் பாணியும் பென்சோயேற்று எசுத்தராகவே தயாரிக்கப்படுகிறது. பரீட்சைக்காக மனனம் செய்த எசுத்தர் நீர்ப்பகுப்பு ஒரு குழந்தையின் நாவுக்கு உதவுகிறது என அறிந்தபோது வியந்தேன்.

உலக சுகாதார நிறுவனமும் 2007ஆம் ஆண்டு, மருந்துகள் சிறுவருக்கேற்ற அளவிலும் வடிவிலும் அமைய வேண்டுமென ஓர் இயக்கத்தை ஆரம்பித்தது. சிறிதளவு நீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரைகள் இன்று பெருகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிப்பிலும் எச்சரிக்கை

சுவை மட்டும் போதாது. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைட்டு மருந்தை டைஎதிலீன் கிளைக்கோலில் கரைத்து, ராஸ்பெரிச் சுவையூட்டி விற்றனர். சுவையும் மணமும் பார்த்தவர்கள் அது நஞ்சா எனப் பார்க்கவில்லை. சிறுவர் உட்பட 100க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 2022இல் கம்பியாவிலும் 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலும் இருமல் பாணியில் கலந்திருந்த இதே நஞ்சு குழந்தைகளைப் பலிகொண்டது. எனவே வைத்தியர் சொல்லாத பாணியை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

எமது வீடுகளில் 'ஜீவனி'க்குச் சுவை கூட்டவென்று சீனி சேர்ப்போரும் உளர். இதுவும் தவறு. அதில் குளுக்கோசும் உப்பும் அளந்து சேர்க்கப்பட்டுள்ளன. சீனி கூடினால் பிரசாரணத்தால் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றோட்டம் கூடும். பைக்கற்றில் கூறிய அளவு நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்கினால் போதும்.

தேனில் நிவாரணம் உண்டென அல்குர்ஆன் கூறுகிறது. ஆயினும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி வித்திகளை எதிர்க்கும் சக்தி அக்குடலுக்கு இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

• உணவில் கலக்கலாமா என மருந்தாளரிடம் முதலில் கேளுங்கள். கலப்பதாயின் ஒரே கரண்டியில் முடியுமளவு உணவு போதும்.
• தேநீர்க் கரண்டிகள் வீட்டுக்கு வீடு வேறுபடும். 5 மில்லிலீற்றரை அளவுக் கிண்ணத்தால் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சினால் அளவுங்கள்.
• பிள்ளையை நிமிர்ந்து இருக்கச் செய்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். மூக்கைப் பொத்தினால் மருந்து சுவாசக் குழாய்க்குள் செல்லக்கூடும்.
• கேட்காமல் மாத்திரையைப் பொடியாக்க வேண்டாம்.
• மருந்தை 'டொபி' என்று சொல்லாதீர்கள். நம்பிய பிள்ளை தனியே எடுத்துக் குடித்தால், பரசிட்டமோல்கூட ஈரலைச் சிதைத்துவிடும்.

இரண்டாம் முறை உம்மம்மா ஒரு வழி சொன்னார். கொத்தமல்லி அவித்துத் தரும்போதெல்லாம் அவர் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கையில் வைப்பார். அதையே நானும் செய்தேன். "இது கசக்கும். குடிச்சதும் கருப்பட்டி தாறேன்" என்று தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினான். குடித்த ஒவ்வொரு வேளைக்கும் கலண்டரில் அவனே ஒரு கோடு போட்டான். ஏழாம் நாள் வரை ஒரு கோடும் தவறவில்லை. அல்ஹம்துலில்லாஹ், காதும் சுகமானது.

அன்புச் சகோதரிகளே, பெற்றோரே! பிள்ளை மருந்தைக் குடித்தது என்பதைவிட, முழுவதும் குடித்ததா என்பதே முக்கியம். அதைப் பாதிக் கிளாஸ் பாலில் நான் கற்றுக்கொண்டேன்.