ஜாமில் சர்க்கரையைக் குறைக்கலாமா?

கேள்வி: தோட்டத்தில் கொய்யா குவிகிறது. ஜாம் செய்யப் பழக்கூழின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போடச் சொல்கிறார்கள். பாதியாகக் குறைத்தால் என்ன?

பதில்: குறைக்கலாம், ஆனால் கிடைப்பது ஜாம் அல்ல, இனிப்புக் கூழ். ஜாமில் சர்க்கரை வெறும் ருசிக்காகச் சேர்வதில்லை. நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பு பார்க்கும் வேலையை இங்கே அது பார்க்கிறது: பழத்தின் நீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு, பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் எட்டாமல் செய்துவிடுகிறது. கொய்யாவிலுள்ள பெக்டின் இறுகுவதற்கும் இந்த நீர்ப்பிடிப்பும் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் வேண்டும். முடிந்த ஜாமில் கரைந்த திடப்பொருள் சுமார் 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

‘சர்க்கரைக்குப் பதில் கூடுதல் நேரம் காய்ச்சினால் கெட்டியாகாதா?’ என்று கேட்கலாம். ஆகும். ஆனால் நெடுநேரச் சூட்டில் பெக்டின் சிதையும், நிறம் கறுக்கும், கொய்யா வாசமும் போய்விடும். கடைகளில் சர்க்கரை குறைந்த ஜாம் விற்கிறதே என்றால், அவற்றில் பல கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் வேறு வகைப் பெக்டினால் ஆனவை. சர்க்கரை நோய்க்குப் பயந்தால் ஜாமை மாற்றுவதைவிடக் கரண்டியைச் சிறிதாக்குவதே மேல். பாதிச் சர்க்கரைதான் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

பழுத்ததோடு சில செங்காய்களையும் சேர்த்தால் பெக்டின் கூடும். கொதிநிலை 104, 105 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பதம். கொடைக்கானல் போன்ற உயரத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைக்கலாம்.