விற்பதற்கு முன் பழுது பார்க்கலாமா? விலையுயர்ந்த கைக்கடிகாரமும் வியாபார அமானிதமும்



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



வளைகுடா நாடுகளில் பல வருடங்கள் உழைத்துத் திரும்பியவர்களில் சிலரது வீட்டு பீரோவில் ஒரு ரோலெக்ஸோ ஒமேகாவோ இருக்கும். பிள்ளையின் படிப்பு, கடன், வீட்டு வேலை என்று ஒரு தேவை வரும்போது அதை விற்கும் எண்ணம் வருகிறது. எடுத்துப் பார்த்தால் ஓடவில்லை, அல்லது நேரம் தவறுகிறது, கண்ணாடியில் கீறல். "ரிப்பேர் செய்து விற்றால் நல்ல விலை கிடைக்குமா, இப்படியே விற்பது நல்லதா?" என்ற கேள்வி அப்போது எழுகிறது. இதில் பாதி கணக்கு, பாதி அமானிதம். இரண்டையும் சேர்த்தே இன்று பார்ப்போம்.

1. முதலில், அந்த வாட்ச் யாருடையது?

நம் கைக்காசில் வாங்கியது என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் மரணித்த தந்தையின் வாட்சாக இருந்தால் அது மூத்த மகனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தந்தையின் கடனும் வஸிய்யத்தும் போக மீதமுள்ள சொத்தில் அதுவும் ஒன்று. அதில் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. மீதியில் மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு என்ற கணக்கில் சகோதரிகளுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே, ஒருவர் தானாகவே முடிவெடுத்து ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, செலவை விற்ற பணத்தில் கழித்துக்கொள்வது முறையல்ல. எவ்வளவு செலவாகும், எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதை எல்லா வாரிசுகளிடமும் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும். "தங்கச்சிக்கு இதெல்லாம் புரியாது" என்று ஒதுக்குவது அவரது ஹக்கில் கை வைப்பதாகும்.

2. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சாவி கொடுத்தோ கை அசைவிலோ ஓடும் வாட்சுக்குள் நுண்ணிய சக்கரங்கள் இரவு பகலாகச் சுழல்கின்றன. உள்ளே விடப்பட்ட எண்ணெய் நாளடைவில் காய்ந்துவிடும். அதன் பிறகும் ஓடினால் பாகங்கள் உராய்ந்து தேயும். அதனால்தான் ஒமேகா 5 முதல் 8 வருடங்களுக்கு ஒரு முறையும், ரோலெக்ஸ் சுமார் 10 வருடங்களுக்கு ஒரு முறையும் முழு சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. முழு சர்வீஸ் என்றால் எல்லாப் பாகங்களையும் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, தேய்ந்ததை மாற்றி, தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டுச் சோதிப்பது. செலவு பெரியது. வாட்ச் திரும்பி வரவும் வாரக்கணக்கில் ஆகலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இப்படியே விற்றால் 2,40,000 ரூபாய், சர்வீஸ் செய்து விற்றால் 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் செலவு 75,000 ரூபாய் என்றால் கையில் நிற்பது 2,25,000. அதாவது, காத்திருந்து 15,000 ரூபாய் நஷ்டம். அதே செலவு 30,000 என்றால் 30,000 லாபம். ஆகவே முதலில் வாட்ச் ரிப்பேர் தெரிந்த ஒருவரிடம் திறந்து காட்டி, செலவு மதிப்பீடு கேளுங்கள். பிறகு "இந்த நிலையில் என்ன தருவீர்கள்?" என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். பழைய வாட்ச் வாங்கி விற்கும் கடைக்காரரிடம் சொந்தமாக ரிப்பேர் ஆள் இருந்தால் அவருக்கு ஆகும் செலவு நமக்கு ஆவதைவிடக் குறைவு. அவரிடம் ரிப்பேர் செய்யாமல் கொடுப்பதே பல நேரங்களில் லாபம்.

சில பழுதுகள் சிறியவை. திடீரென்று வேகமாக ஓடும் வாட்சுக்குக் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு போன்றவற்றின் அருகில் வைத்தாலே இது நடக்கும். அதற்கென உள்ள கருவியில் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். பேட்டரியில் ஓடும் வாட்ச் என்றால் தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அது கசிந்தால் இயந்திரமே கெட்டுவிடும். இப்படிப்பட்ட சிறு வேலைகளைச் செய்துவிட்டு விற்பது நல்லது.

3. பளபளப்பு எப்போதும் லாபமல்ல

கீறல்களை நீக்க பாலிஷ் போட்டால் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிஷ் என்பது மேற்பரப்பு உலோகத்தைச் சீவி எடுப்பது. போன உலோகம் திரும்ப வராது. கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும். பழைய வாட்ச்களைத் தேடி வாங்குபவர்கள் கீறலோடு இருந்தாலும் பாலிஷ் படாத வாட்சுக்கே அதிக விலை தருவார்கள். பழைய டயலையும் முட்களையும் மாற்றிப் புதியது போட்டாலும் மதிப்பு இறங்கிவிடும். ஆகவே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் வேண்டாம், டயலை மாற்ற வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதையும் முன்பே கேளுங்கள்.

இங்கே மார்க்கம் நமக்கு ஓர் எல்லையைக் காட்டித் தருகிறது. அக்காலத்தில் சிலர் ஒட்டகத்தையும் ஆட்டையும் விற்பதற்கு முன் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியும்படி செய்வார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம் பழத்துடன் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). கவனியுங்கள்: அந்த ஆடு ஆடுதான், பாலும் பால்தான். பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. ஆனால் தோற்றம் பொய் சொன்னது. பொருளை உள்ளதைவிட மேலாகக் காட்டும் எந்த ஏற்பாட்டையும் மார்க்க அறிஞர்கள் இதே வகையில் சேர்க்கிறார்கள்.

எண்ணெய் காய்ந்த வாட்சைத் திறந்து சர்வீஸ் செய்வது பொருளைச் சீராக்குவது. அது ஆகுமானது, கூடுதல் விலையும் ஹலால். உள்ளே துருவேறிய வாட்சுக்கு வெளியே பாலிஷ் போட்டு, இரண்டு நாள் ஓடும்படி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விற்பது, மடியைக் கட்டி ஆட்டை விற்பதற்குச் சமம்.

4. குறையைச் சொல்லிவிடுங்கள்

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). மழை பெய்தது அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம்.

வாஸிலா (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஒருவர் கொழுத்த ஒட்டகம் ஒன்றை வாங்கிச் செல்கிறார். வாஸிலா (ரலி) விரைந்து வந்து, இது இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்கிறார்கள். ஹஜ்ஜுக்குச் செல்ல என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் துளை இருக்கிறது என்று வாஸிலா (ரலி) சொல்லிவிடுகிறார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று விற்றவர் வருந்த, குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது, குறையை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, வாங்குபவரின் நோக்கத்தைக் கேட்பது. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவருக்குத் தண்ணீர் புகும் குறை சிறியது. அதைக் கட்டிக்கொண்டு ஒளூச் செய்பவருக்கும் நீந்துபவருக்கும் அது பெரியது. மற்றொன்று, இந்தக் கடமை தரகருக்கும் ரிப்பேர் செய்தவருக்கும் உண்டு.

வாட்ச் விற்கும்போது சொல்ல வேண்டியவை இவை: கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, நாளொன்றுக்கு எவ்வளவு தவறுகிறது, தண்ணீர் புகுந்ததுண்டா, பாலிஷ் போடப்பட்டதா, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, கம்பெனிப் பாகமா வேறா, பெட்டியும் பில்லும் இதே வாட்சுடையதா. பிறகு பதிக்கப்பட்ட கற்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கம்பெனியுடையதல்லாத பாகம் இருந்தால் சர்வீஸ் செய்ய மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லுங்கள்.

5. "உள்ளது உள்ளபடி" என்று சொன்னால் போதுமா?

"இருக்கிற நிலையில் விற்கிறேன், பிறகு கேட்கக் கூடாது" என்று நிபந்தனையிட்டு விற்பவர்கள் உண்டு. இந்த நிபந்தனை எந்த அளவு செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையைக் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். நோய் இருந்ததாக வாங்கியவர் உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். விற்கும்போது அந்த நோயைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள்.

அறிந்த குறையை மறைக்கும் திரையாக அந்த நிபந்தனையை உஸ்மான் (ரலி) ஏற்கவில்லை என்பது இதில் தெரிகிறது. ஓடாத வாட்சை "ஓடவில்லை, உள்ளே என்ன பழுது என்று திறந்து பார்க்கவில்லை" என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பது சுத்தமான வியாபாரம். திறந்து பார்த்து, துரு என்று அறிந்த பிறகு "பார்க்கவில்லை" என்பது பொய்.

6. வாங்குபவருக்கும் கடமை உண்டு

வாங்க வந்தவர் இல்லாத குறைகளை அடுக்கி விலையை இறக்குவதும் தவறே. மக்களின் பொருட்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தை எச்சரித்ததைக் குர்ஆன் சொல்கிறது (பார்க்க 7:85). ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டபோது, இது அதைவிட மதிப்புள்ளது என்று அவர்களே விலையை ஏற்றி 800 வரை கொடுத்ததாகத் தப்ரானியில் வருகிறது. கணவரின் வாட்சை, அதன் மதிப்பு தெரியாமல் விற்க வரும் ஒரு விதவையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

அன்பானவர்களே! பழுது பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் நம் விருப்பம். கணக்கு எது சொல்கிறதோ அதைச் செய்யலாம். சொல்வதும் மறைப்பதும் நம் விருப்பத்துக்கு விடப்படவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). மகளின் படிப்புக்காக விற்கிறோம் என்றால், அந்தப் பணத்தில் பரக்கத் இருப்பதுதானே நமக்கு வேண்டும்?

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கல்களை ஹலாலாக்கி, நாவில் உண்மையையும் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.