உபுண்டு போட்டதும் வைஃபை வரவில்லையா?

பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டதும் வைஃபை குறியே காணோம் என்றால், கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல கார்டைக் கழற்றி வீசியவர்கள் உண்டு. முதலில் லேப்டாப் ஓரத்தில் வைஃபை சுவிட்ச் இருக்கிறதா, விமானப் படம் போட்ட பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுங்கள். கார்டின் பெயர் அதில் தெரியும். இன்டெல் என்றால் பெரும்பாலும் தானாகவே ஓடும். தொல்லை பிராட்காமில்தான்: டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்!

இதற்குக் கைகொடுப்பது ஆண்ட்ராய்டு போன். சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதுவே லேப்டாப்புக்கும் பாயும், டேட்டா கரையாது. பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, காட்டும் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதை எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று சுமார் 10 விநாடிதான் நிற்கும். உடனே ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி, 'என்ரோல் மோக்' தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

டெபியன் விரும்புகிறவர்கள் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுங்கள். பல கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் நிறுவும் கோப்பிலேயே இருக்கிறது.