வரத்தும் இருப்பும்

நுழையும்முன்

காற்றும் கதிரவனும் தரும் ஆற்றல் தீராதது என்பர். அது மெய்யே. ஆனால், தீராத ஆற்றலைக் கொண்டு தீரக்கூடிய ஒரு பொருளை எடுத்தால் என்ன நிகழும்? திண்டுக்கல் சமவெளியின் கிணற்றுமேட்டில் நின்று இவ்வினாவை ஆராய்கிறது இவ்வுரைநடை.

பாறையும் நீரும்

திண்டுக்கல் நகரை நெருங்குவோர் கண்ணில் முதலில் படுவது, கோட்டையைத் தாங்கி நிற்கும் மொட்டைப் பாறை மலைதான். திண்டு போன்ற கல் இருத்தலால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். பாறை அங்கு மட்டும் இல்லை. சமவெளி முழுவதும் சில முழ மண்ணுக்கு அடியில் கடும்பாறையே பரந்து கிடக்கிறது. மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் கிழக்கே கரந்தமலையும் இச்சமவெளியைச் சூழ்ந்துள்ளன. தென்மேற்குப் பருவமழையைப் பழனி மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும்; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும்.

குடகனாற்றில் ஆண்டில் சில நாள்களே நீரோட்டம் காணப்படும். நிலக்கோட்டைப் பக்கம் வைகைப் பாசனம் ஓரளவு உண்டு. ஏனையோர்க்குக் கிணறே ஆறு. ஒட்டன்சத்திரம் சந்தையில் குவியும் காய்கறியும், நிலக்கோட்டை மல்லிகையும், சிறுமலை அடிவாரத்துத் திராட்சையும் பெரும்பாலும் கிணற்று நீரால் விளைபவை.

கடும்பாறை நாட்டுக் கிணறு ஆற்றுப்படுகைக் கிணற்றைப் போன்றதன்று. மணற்படுகையில் நீர் எங்கும் நிறைந்திருக்கும். பாறையிலோ மேலடுக்கில் உள்ள வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே அது தங்கும். ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைகின்றன. ஆயிரம் அடி துளையிட்டும் புழுதி மட்டுமே வெளிவந்த கதை இம்மாவட்டத்தில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

கமலை முதல் மின்மோட்டார் வரை

ஒரு காலத்தில் கமலை கட்டி நீர் இறைத்தனர். இரண்டு காளைகள் சரிவான பாதையில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நிறைந்து மேலே வரும். காளைகள் களைத்ததும் இறைப்பு நின்றுவிடும். இரவில் கிணறு ஊறும். மறுநாள் மீண்டும் இறைப்பர். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் எதுவும் அன்று தேவைப்படவில்லை. காளைகளின் மூச்சே அவ்வளவைத் தீர்மானித்தது. அதற்காகக் கமலைக் காலத்தைப் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. அந்த உழைப்பு மனிதரையும் மாட்டையும் எப்படி வருத்தியது என்பதை மூத்தோர் அறிவர்.

பிறகு எண்ணெய் எஞ்சின் வந்தது, அதன்பின் மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. விடுதலைக்குப்பின் மின்கம்பிகள் சிற்றூர்களையும் எட்டின. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் நடத்திய போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. 1990ஆம் ஆண்டளவில் தமிழகத்தில் வேளாண் மின்சாரம் கட்டணமற்றதாயிற்று. இன்று மாநிலத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின்இணைப்புகள் உள்ளன. கட்டணமற்ற மின்சாரம் சிறு உழவரைக் கடனிலிருந்து காத்தது என்பதை மறுக்க இயலாது. நீர்மட்டம் இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்பதையும் மறுக்க இயலாது. அறுபது அடிக் கிணறு வற்ற, அதனுள்ளேயே பக்கத்துளை இட்டனர். அதுவும் வற்ற, ஆழ்துளைக் கிணறு வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் பல குறுவட்டங்கள், ஊறுவதைவிட எடுப்பது மிகுந்த பகுதிகள் என வகைப்படுத்தப்பட்டுள்ளன.

குமரப்பா காட்டிய வேறுபாடு

தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்று, காந்தியடிகளின் ஊரகத் தொழில் இயக்கத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் ஜே.சி.குமரப்பா. தம் இறுதிக்காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார். திண்டுக்கல்லும் அப்போது மதுரை மாவட்டத்திலேயே இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று. நிலைத்த பொருளாதாரம் குறித்துச் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. அவர் அதில் காட்டும் வேறுபாடு எளிமையானது. நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் ஆகியன உலகில் குறிப்பிட்ட அளவே உள்ளன. எடுக்க எடுக்கக் குறைவன. ஓடும் ஆற்றுநீரும் வளரும் காட்டுமரமும் அத்தகையன அல்ல. அவற்றின் ஓட்டத்தையும் வளர்ச்சியையும் மட்டும் பயன்படுத்தினால் அவை என்றும் நிற்கும்.

இதனைச் சந்தை மொழியில் சொல்வது இன்னும் எளிது. ஒட்டன்சத்திரம் மண்டியில் கேட்கும் முதல் வினா, ‘இன்று வரத்து எவ்வளவு?’ என்பது. கிடங்கில் கிடப்பது இருப்பு. வரத்தைக் கொண்டு நடக்கும் வணிகம் நிலைக்கும். இருப்பைத் தின்று நடக்கும் வணிகம் ஒருநாள் கதவடைக்கும்.

நிலக்கரி இருப்பு, வெயில் வரத்து. பசுமை ஆற்றலின் அடிப்படைச் சிறப்பு இதுவே. தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி கப்பலேறி வர வேண்டும். அதை எரித்து ஓர் அலகு மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோ கரிவளி காற்றில் கலக்கிறது. வெயிலுக்குக் கப்பலும் வேண்டா, புகைபோக்கியும் வேண்டா. பாலக்காட்டுக் கணவாய் வழியே உடுமலை, தாராபுரம் பகுதிகளுக்கு வீசும் காற்றும் வரத்தே. நூற்பாலைகள் பலவும் காற்றாலைகளை நிறுவி அம்மின்சாரத்தைத் தம் கதிர்களைச் சுழற்றப் பயன்படுத்துகின்றன. தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. சாண எரிவாயுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நாளொன்றுக்கு ஐம்பது கிலோ சாணம் கிடைக்கும் வீட்டில் 2 கனமீட்டர் கலன் அமைத்தால், நான்கைந்து பேருக்குச் சமைக்க எரிவாயு கிடைக்கும். எஞ்சும் கழிவு வயலுக்கு எருவாகும்.

தெரிந்து தெளிவோம்
கதிரவனை நூற்றாண்டுக்கும் மேலாக உற்றுநோக்கிவரும் நிலையம் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளது. அது 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம். கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்செட் இங்குக் கண்டறிந்தார். அந்நிகழ்வு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

வயலில் வந்திறங்கிய வெயில்

சூரிய மின்னாற்றல் என்றதும் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் போன்ற பேரமைப்புகளே நினைவுக்கு வரும். கிணற்றுப் பாசன உழவருக்கு அதனினும் நெருக்கமானது, தம் வயலோரம் நிற்கும் சூரியசக்தி மோட்டார். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் தகடுகள் வேண்டும். அவற்றுக்குத் தேவைப்படும் இடம் ஒன்றேகால் சென்ட் அளவே. 2019இல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசும் மாநில அரசும் விலையில் பாதிக்குமேல் மானியமாக வழங்குகின்றன. தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இதனைச் செயற்படுத்துகிறது.

இதன் நன்மைகளுள் முதலிற் சொல்லத்தக்கது உழவரின் உறக்கம். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், நள்ளிரவில்தான் நீர் பாய்ச்ச வேண்டும். கைவிளக்குடன் பாம்பும் தேளும் உலவும் வரப்பில் நடந்தவர்க்கே அதன் அருமை தெரியும். சூரிய மோட்டார் பகலில் இயங்குகிறது. வெயில் ஏற ஏற நீர் பெருகி, சாயச் சாயக் குறைகிறது. மின்கலம் வேண்டியதில்லை, மேட்டில் ஒரு தொட்டி கட்டினால் நீரையே சேமித்து வைக்கலாம். மின்இணைப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருப்போர்க்கும், டீசலுக்குச் செலவழித்துச் சோர்ந்தோர்க்கும் இது விடுதலை. தகடுகள் இருபத்தைந்து ஆண்டுவரை உழைக்கும். திண்டுக்கல் கோடையின் புழுதியை அவ்வப்போது துடைப்பதுதான் அவை கேட்கும் பணிவிடை.

ஓர் எளிய கணக்கு

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். தமிழக வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு மின்சாரம் தரும். ஆகவே 5 கிலோவாட்டுக்கு 20 அலகு. குழாயிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்புகள் போக, அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 8 அலகு, நீரைத் தூக்கப் பயன்படுவதாகக் கொள்வோம். 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர் நீரை மேலேற்ற இது போதும்.

நிலத்துள் இறங்குவது எவ்வளவு? 800 மில்லிமீட்டர் மழையில், கடும்பாறைப் பகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நிலத்தடியைச் சேர்கிறது. அஃதாவது 80 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எனவே ஏக்கர் ஒன்றில் ஆண்டு முழுவதும் இறங்கும் நீர் ஏறத்தாழ 3.2 இலட்சம் லிட்டர்.

ஓர் ஏக்கரின் ஓராண்டு வரத்தை அந்த மோட்டார் மூன்றே நாளில் இறைத்துவிடும். ஐந்து ஏக்கர் நிலமானால் பதினாறு நாள்!

இது தோராயக் கணக்கே. பக்கத்து நிலத்து நீரும் ஊறி வரும். பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் மண்ணுள் இறங்கும். கண்மாய் நிறைந்தால் கணக்கு மாறும். எனினும் அதன் போக்கில் ஐயமில்லை. மேலே வெயில் வரத்தாக வந்துகொண்டேயிருக்க, கீழே நீர் இருப்பாகக் கரைந்துகொண்டிருக்கும். காளை களைக்கும்; டீசலுக்குக் காசு வேண்டும்; மின்சாரம்கூட அவ்வப்போது தடைபடும். வெயிலோ களைப்பதுமில்லை, கூலி கேட்பதுமில்லை. நன்மையாகத் தோன்றும் இப்பண்பே கிணற்றுக்குத் தீங்காகவும் முடியலாம். ஏமன் நாட்டில் போரால் டீசல் அரிதானபோது உழவர்கள் சூரிய மோட்டார்களுக்குப் பெருமளவில் மாறினர். பயிர் பிழைத்தது, ஏற்கெனவே குன்றியிருந்த நிலத்தடி நீருக்கு அதுவே புதிய சுமையாயிற்று.

இழப்பு அனைவரையும் ஒன்றுபோல் தாக்குவதுமில்லை. ஆழ்துளை இடப் பணமுள்ளவர் இன்னும் ஆழத்துக்குச் செல்வார். அவருக்குப் பக்கத்தில் ஆழமற்ற கிணறு வைத்திருக்கும் சிறு உழவரின் ஊற்றுக்கண் முதலில் அடைபடும்.

வெயிலும் ஒரு வெள்ளாமை

குசராத் மாநிலம் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூரில் 2016இல் ஆறு உழவர்கள் சூரியப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதற்குமுன் அவர்கள் டீசல் எஞ்சின் வைத்திருந்தவர்கள். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் துணை நின்றது. பாசனத்துக்கு வேண்டிய அளவு போக, மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் செலுத்தி அலகுக்கு இவ்வளவு எனப் பணம் பெற்றனர். உலகின் முதல் சூரியப் பாசனக் கூட்டுறவு இதுவே என்பர். இங்கே மாறியது கருவி மட்டுமன்று, கணக்கும் மாறியது. தேவையின்றி மோட்டாரை ஓடவிட்டால், விற்றிருக்கக்கூடிய மின்சாரம் வீணாகிறது. கமலைக் காலத்தில் காளையின் களைப்பு செய்த வேலையை, இங்கே உழவரின் வருவாய்க் கணக்கு செய்கிறது. மின்கம்பியில் இணைந்த மோட்டார்களுக்கு இத்தகைய விற்பனை வழியைப் பி.எம்.குசும் திட்டத்தின் ஒரு பிரிவும் வகுத்துள்ளது.

இம்முறைக்கு மின்கம்பி வேண்டும், அளவி வேண்டும், உரிய விலையும் உரிய காலத்தில் பணமும் வேண்டும். விலை மிகக் குறைந்தால், மின்சாரத்தை விற்பதைவிட நீரை இறைத்துப் பக்கத்து வயலுக்கு விற்பதே இலாபம் என்றாகிவிடும். திண்டுக்கல் போன்ற பாறை நாட்டுக்கு இது மட்டும் போதாது. சொட்டுநீர்க் குழாயும், தூர் வாரிய கண்மாயும், கரைகாத்த ஊருணியும் உடன் சேர வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்திற்குத் தமிழக அரசு சிறு, குறு உழவர்க்கு முழு மானியமும் ஏனையோர்க்கு 75 விழுக்காடும் அளிக்கிறது. தகட்டுக்கு விண்ணப்பிக்கும் உழவர், இதனையும் கேட்டறியலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நீர்மட்டம் தாத்தா, பாட்டி காலத்தில் எத்தனை அடியில் இருந்தது, பெற்றோர் காலத்தில் எத்தனை அடியில் இருந்தது, இன்று எத்தனை அடியில் உள்ளது எனக் கேட்டு எழுதுக. நீர் இறைத்த கருவியையும் உடன் குறிப்பிடுக.

2. உங்கள் ஊரின் ஆண்டு மழையளவை அறிந்து, பாடத்தில் உள்ள கணக்கை உங்கள் ஊருக்குப் பொருத்திச் செய்து பார்க்க. கிடைத்த விடையை உழவர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறும் மறுப்பையும் விளக்கத்தையும் வகுப்பில் பகிர்க.